ஆமணக்கெண்ணெய் முதல் 0டபிள்யூ-20 வரை: எஞ்சின் ஆயிலின் வரலாறும் ஓடித் தேய்ந்த ஹைபிரிட் கார்களும்

எஞ்சின் ஆயில் அல்லது மசகெண்ணெய் என்பது, ஒன்றோடொன்று உரசி இயங்கும் உலோகப் பகுதிகளுக்கு நடுவே மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைக் குறைக்கும் நீர்மம் ஆகும். வெப்பத்தைக் கடத்துதல், கரியையும் அழுக்கையும் தன்னுள் தாங்கிச் செல்லுதல், துருப்பிடிக்காமல் காத்தல் ஆகியனவும் இதன் வேலைகள். தமிழ்நாட்டில் மசகெண்ணெய் என்றால் இந்த எண்ணெயையே குறிக்கும். இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் 'மசகு எண்ணெய்' என்பது பெரும்பாலும் கச்சா எண்ணெயைக் குறிக்கிறது. எஞ்சினில் ஊற்றுவதை அங்கே 'என்ஜின் ஒயில்' என்பார்கள்.

'வண்டி பழசாகிவிட்டால் கெட்டி ஆயில் ஊற்ற வேண்டும்' என்ற சொல் நம் ஊர்ப் பட்டறைகளில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ஒரு காலத்தில் அதில் நியாயம் இருந்தது. பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயங்கும் ஹைபிரிட் காருக்கு அதே சொல்லைப் பொருத்தினால் பிழையாகிவிடும். அது ஏன் என்பதை எண்ணெயின் வரலாற்றைத் தொடர்ந்து சென்றால் எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

வண்டி மை

கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடைப்பட்ட கரிசல் பகுதியில் உள்ள ஊர் இளையரசனேந்தல். இப்பகுதிக் கிராமங்களில் பருத்திப் பொதி ஏற்றவும், எரு அடிக்கவும், சந்தைக்குப் போகவும் கட்டை வண்டிதான் துணை. அந்த வண்டிக்கும் மசகு தேவைப்பட்டது. வைக்கோலைக் கருக்கி, அந்தக் கரியை ஆமணக்கெண்ணெயில், அதாவது விளக்கெண்ணெயில், குழைத்தால் அதுவே வண்டி மை. கடையாணியைக் கழற்றி, சக்கரத்தைச் சற்று வெளியே இழுத்து, இரும்பு அச்சில் மையைத் தடவிப் பூட்டுவார்கள். மை வற்றினால் சக்கரம் கிறீச்சிடும், மாடு திணறும், அச்சும் தேயும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வண்டிச் சக்கரத்தின் குடத்துக்கும் அச்சுக்கும் நடுவே இடைவெளி அதிகம், சக்கரம் சுழலும் வேகமோ குறைவு. வெறும் எண்ணெய் ஊற்றினால் வழிந்து மண்ணில் சொட்டிவிடும். கரி சேர்த்துக் கெட்டியாக்கினால்தான் நிற்கும். இடைவெளி பெரிது, வேகம் குறைவு என்றால் கெட்டி மசகு. இடைவெளி சிறிது, வேகம் மிகுதி என்றால் மெல்லிய மசகு. மூக்கில் மாட்டும் கண்ணாடி போல, எண்ணெயும் அளவுக்குத் தக்கதாக இருக்க வேண்டும். பின்னால் வந்த எல்லா எஞ்சின்களுக்கும் இந்த விதி பொருந்தியது.

படலம் கண்டறியப்பட்டது

எண்ணெய் எப்படிக் காக்கிறது என்பது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை சரியாகத் தெரியாமலிருந்தது. 1883-இல் இங்கிலாந்தில் பொச்சாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் பெட்டிகளின் அச்சுத் தாங்கிகளைச் சோதித்தார். தாங்கியின் மேற்புறத்தில் ஒரு துளையிட்டபோது எண்ணெய் அதன் வழியே மேலே பொங்கி வந்தது. துளையை அடைத்து வைத்தார். அச்சு சுழன்றதும் அடைப்பு வெளியே தள்ளப்பட்டது. சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்து, குறுகிய இடைவெளிக்குள் திணித்து, பெரும் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்பது அதனால் தெரிந்தது.

1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார். அச்சு நன்றாகச் சுழலும்போது அது உலோகத்தின் மேல் உட்காருவதில்லை, எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. இடைவெளி, சுழற்சி வேகம், சுமை, எண்ணெயின் பாகுநிலை ஆகிய நான்கும் ஒத்துப்போனால் படலம் நிலைக்கும். பாகுநிலை என்பது நீர்மம் ஓடுவதற்குக் காட்டும் எதிர்ப்பு. தேன் மெதுவாகவும் தண்ணீர் விரைவாகவும் ஓடுவதற்கு அதுவே காரணம். அச்சு நின்றுவிட்டால் மிதப்பும் நின்றுவிடும். மறுபடி சுழலத் தொடங்கும் அந்தச் சில கணங்களில்தான் உலோகம் உலோகத்தைத் தொடும். எஞ்சின் தேய்மானத்தில் பெரும்பங்கு புறப்படும் நேரத்தில் நிகழ்வது இதனால்தான். ஹைபிரிட் காரைப் பற்றிப் பேசும்போது இது மீண்டும் தேவைப்படும்.

விளக்கெண்ணெய் வானில் பறந்தது

கரிசல் காட்டு வண்டிக்கு உதவிய ஆமணக்கெண்ணெய், முதல் உலகப்போர்க் கால விமானங்களுக்கும் உதவியது. அன்றைய பல விமானங்களில் எஞ்சினே சுழலும் வகை பொருத்தப்பட்டிருந்தது. அவற்றில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, எண்ணெய் இருக்கும் பகுதி வழியாகவே உள்ளே சென்றது. கனிம எண்ணெய் பெட்ரோலில் கரைந்துவிடும், ஆமணக்கெண்ணெய் எளிதில் கரையாது. உலோகத்தை நன்றாகப் பற்றிக்கொள்ளும் தன்மையும் அதற்கு உண்டு. உலகச் சந்தைக்கு ஆமணக்கு விதையைப் பெருமளவில் அனுப்பிய நாடுகளுள் இந்தியா முதன்மையானது.

1899-இல் சார்லஸ் வேக்ஃபீல்டு லண்டனில் ஓர் எண்ணெய் நிறுவனத்தைத் தொடங்கினார். 1909-இல் அந்நிறுவனம் ஆமணக்கெண்ணெய் கலந்த ஒரு புதிய எண்ணெயை விற்பனைக்குக் கொண்டுவந்து, அதற்குக் 'காஸ்ட்ரால்' என்று பெயரிட்டது. ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான 'காஸ்டர்' என்பதிலிருந்து வந்த பெயர் அது. ஆனால் ஆமணக்கெண்ணெய்க்கு ஒரு குறை இருந்தது. வெப்பத்தில் காற்றோடு சேர்ந்து பிசின் போல் படிந்துவிடும், எஞ்சினை அடிக்கடி பிரித்துத் துடைக்க வேண்டும். நாள்தோறும் ஓடும் காருக்கு அது ஒத்துவரவில்லை. பூமியிலிருந்து எடுத்த கச்சா எண்ணெயைப் பிரித்துப் பெற்ற கனிம எண்ணெய் அந்த இடத்தைப் பிடித்தது.

எண்கள் வந்த கதை

தொடக்கத்தில் கடைக்காரர் சொன்னதே அளவு. லேசானது, நடுத்தரம், கெட்டி என்று விற்றார்கள். ஒரு கடையின் லேசான எண்ணெய் இன்னொரு கடையில் நடுத்தரமாக இருந்தது. 1905-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட தானியங்கிப் பொறியாளர் கழகமான எஸ்ஏஇ, 1911-இல் பாகுநிலையை எண்களால் வகைப்படுத்தியது. டப்பாக்களில் இன்றும் நாம் காணும் 20, 30, 40 ஆகிய எண்கள் அந்த வழியில் வந்தவை.

எண்ணெய் சூடானால் இளகும், குளிர்ந்தால் இறுகும். இந்த மாற்றம் எவ்வளவு என்பதை அளக்க, 1929-இல் டீன், டேவிஸ் என்ற இருவர் பாகுநிலைக் குறியீட்டை வகுத்தனர். மிகக் குறைவாக மாறிய பென்சில்வேனியா எண்ணெய்க்கு 100, மிகுதியாக மாறிய மெக்சிகோ வளைகுடாக் கரை எண்ணெய்க்கு 0 என்று வைத்து மற்றவற்றை ஒப்பிட்டார்கள். பின்னர், வெப்பத்தில் எண்ணெய் அளவுமீறி இளகாமல் தாங்கும் வேதிப்பொருள்களைச் சேர்த்து, குளிரிலும் வெப்பத்திலும் பயன்படும் பல்தர எண்ணெய்கள் உருவாயின. 1950-களில் இவை பரவலாக விற்பனைக்கு வந்தன.

20டபிள்யூ-40 என்ற பெயரில் இரண்டு செய்திகள் உள்ளன. 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண், குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதில் ஓடும் என்பதைச் சொல்கிறது. எண் சிறிதானால் எளிதில் ஓடும். பின்னுள்ள எண், 100 பாகை செல்சியசில் எண்ணெயின் கெட்டித்தன்மையைச் சொல்கிறது. அந்த வெப்பத்தில் 20 என்ற தரத்துக்கு 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸ் வரையும், 30-க்கு 9.3 முதல் 12.5 வரையும், 40-க்கு 12.5 முதல் 16.3 வரையும் எல்லை வகுக்கப்பட்டுள்ளது.

கெட்டி ஆயில் வழக்கம் எப்படி வந்தது?

நம் நாட்டுச் சாலைகளில் அம்பாசடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவை ஓடிய காலத்தில் எஞ்சின்களின் இடைவெளிகள் இன்றைய எஞ்சின்களைவிடத் தாராளமாக இருந்தன. புழுதிச் சாலையில் ஓடி, பிஸ்டன் வளையமும் சிலிண்டர் சுவரும் தேய்ந்தால், இடைவெளி இன்னும் பெரிதாகும். எண்ணெய் மேலேறி எரிந்து நீலப்புகை வரும், ஆயில் அழுத்தம் குறையும். அப்போது ஒரு தரம் கெட்டியான எண்ணெய் ஊற்றினால் புகை சற்றுக் குறையும், அழுத்தம் கூடும். எஞ்சினைப் பிரித்துப் போர் செய்யப் பணம் சேரும்வரை வண்டியை ஓட்ட அது வழி செய்தது. வண்டி மைக்குச் சொன்ன அதே விதிதான் இங்கும். இடைவெளி பெருகியதால் மசகும் கெட்டியானது.

1965-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனத்தின் மணலி ஆலை 1969-இல் இயங்கத் தொடங்கியபோது, மசகெண்ணெய்க்கான அடிப்படை எண்ணெயும் தமிழ்நாட்டிலேயே கிடைத்தது. 1972-இல் இந்தியன் ஆயில் நிறுவனம் 'சர்வோ' என்ற பெயரில் எண்ணெய்களை அறிமுகப்படுத்தியது. 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 தரங்கள் ஊர்தோறும் கிடைத்தன. நம் வெயிலுக்கும் அன்றைய எஞ்சினுக்கும் அவை பொருந்தின. மெக்கானிக்குகள் கைப்பழக்கத்தில் கற்றதும் அவற்றையே.

எண்ணெய் ஏன் மெலிந்தது?

1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது உலகெங்கும் பெட்ரோல் விலை ஏறியது. 1975-இல் அமெரிக்கா கார்களின் எரிபொருள் சிக்கனத்துக்குச் சட்டம் இயற்றியது. கெட்டி எண்ணெயைக் கடைவதிலேயே எஞ்சின் தன் ஆற்றலில் ஒரு பகுதியை இழக்கிறது. எண்ணெயை மெல்லியதாக்கினால் அந்த இழப்புக் குறையும். அதற்கு எஞ்சின் பாகங்களை இன்னும் துல்லியமாகக் கடைந்து, இடைவெளிகளைச் சீராக வைக்க வேண்டும். உற்பத்தித் தொழில்நுட்பம் முன்னேறியதால் அதுவும் கைகூடியது. மிகுதியாகத் தூய்மைப்படுத்திய அடிப்படை எண்ணெய்களும் செயற்கை எண்ணெய்களும் மெல்லிய நிலையிலேயே வெப்பத்தைத் தாங்கின. 1999-இல் வந்த ஹோண்டா இன்சைட் ஹைபிரிட் காருக்கு 0டபிள்யூ-20 பரிந்துரைக்கப்பட்டது. இதன் தொடர்ச்சியாக 2013-இல் எஸ்ஏஇ பட்டியலில் 16 என்ற தரமும், 2015-இல் 12, 8 ஆகிய தரங்களும் சேர்ந்தன.

எண்ணெயின் கெட்டித்தன்மை வேறு, அதன் தரம் வேறு என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏபிஐ பெட்ரோல் எஞ்சின் எண்ணெய்களுக்கு எஸ்எல், எஸ்எம், எஸ்என், எஸ்பி என்று படிப்படியாகத் தரக்குறி தருகிறது. எஸ்பி 2020-இல் வந்தது. இவற்றில் பாஸ்பரசின் அளவுக்கும் மெல்லிய தரங்களில் வரம்பு உண்டு. தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கப்படும் துத்தநாகச் சேர்மத்தில் பாஸ்பரஸ் உள்ளது. அது மிகுந்தால் புகைக்குழாயில் உள்ள வினையூக்கி மாற்றி கெடும். ஹைபிரிட் காரில் அந்த மாற்றி விலையுயர்ந்த பாகம்.

ஹைபிரிட் எஞ்சின் எங்கே மாறுபடுகிறது?

டொயோட்டா பிரியஸ் 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. இவ்வகைக் காரில் சிக்னலிலும் நெரிசலிலும் எஞ்சின் அணைந்துவிடும், மோட்டார் காரை நகர்த்தும். தேவைப்படும்போது எஞ்சின் மறுபடி இயங்கும். நகரில் ஒருமுறை போய்வருவதற்குள் அது பலமுறை நின்று கிளம்பிவிடும். படலம் கலைந்து மறுபடி அமையும் நேரங்கள் கூடுகின்றன என்று பொருள். எண்ணெய் உடனே ஓடி எல்லா மூலைக்கும் போய்ச்சேர வேண்டும்.

இன்னொன்று, எஞ்சின் விட்டுவிட்டு ஓடுவதால் எண்ணெய் முழுச் சூட்டை எட்டத் தாமதமாகிறது. சூடேறாத எஞ்சினில் முழுதும் எரியாத பெட்ரோலும், எரிதலில் உண்டாகும் நீராவியும் எண்ணெயில் கலக்கும். நீண்ட ஓட்டத்தில் இவை ஆவியாகிவிடும். ஊருக்குள்ளேயே சிறு ஓட்டம் ஓடும் காரில் தங்கிவிடும்.

'நம் ஊரில் பனியா பெய்கிறது, 0டபிள்யூ எதற்கு?' என்ற கேள்வி எழும். 40 பாகை செல்சியசில் 0டபிள்யூ-20 எண்ணெயின் பாகுநிலை பொதுவாக 40 முதல் 45 சென்டிஸ்டோக்ஸ். அதே வெப்பத்தில் 20டபிள்யூ-50 எண்ணெய்க்கு ஏறத்தாழ 150-க்கு மேல். கோவில்பட்டியின் சித்திரை வெயிலிலும், வண்டி கிளம்பும் நேரத்தில் ஒன்று மற்றதைவிட மூன்று மடங்குக்கு மேல் கெட்டியாகவே இருக்கிறது. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் வால்வு நேர மாற்றி போன்ற நுண்பாகங்களும் மெல்லிய எண்ணெயைக் கணக்கில் கொண்டே செய்யப்பட்டவை.

இலங்கையின் அனுபவம்

ஓடித் தேய்ந்த ஹைபிரிட் கார்களைத் தமிழர்கள் அன்றாடம் கையாளும் இடம் இலங்கை. ஜப்பானைப் போலவே அங்கும் சாலையின் இடப்பக்கம் வண்டி செல்வதால், ஜப்பானில் பயன்படுத்திய கார்களை நேராக இறக்குமதி செய்து ஓட்ட முடிகிறது. 2010-க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஹைபிரிட்டுக்குக் கிடைத்த வரிச் சலுகையால் பிரியஸ், அக்குவா, ஹோண்டா ஃபிட், வெசல் போன்றவை கொழும்பு முதல் யாழ்ப்பாணம் வரை பெருகின.

2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியை ஒட்டி வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அது மறுபடி திறக்கப்பட்டது 2025 பிப்ரவரியில்தான். இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் புதிதாகக் கார் வரவில்லை. இருந்த காரின் விலையும், அது ஓடிய தொலைவும் ஏறிக்கொண்டே போயின. 2022-இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, கியூஆர் குறியீட்டின்படி பங்கீடு நடந்தபோது, ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பது குடும்பக் கணக்காயிற்று. எஞ்சின் பழுதானால் மாற்றுக் கார் வாங்க இயலாத நிலை. ஆகவே என்ன ஆயில் ஊற்றுவது என்பது அங்கே சிறிய கேள்வியாக இருக்கவில்லை.

அங்கே ஒரு தனிச் சிக்கலும் உண்டு. ஜப்பானிலிருந்து வந்த காரின் கையேடு ஜப்பானிய மொழியில் இருக்கும். படிக்க முடியாதவர் கராஜ்காரர் சொல்வதைக் கேட்பார். கராஜ்காரரோ தமக்குப் பழகியதைச் சொல்வார். ஆனால் பல கார்களில் ஆயில் ஊற்றும் மூடியின் மேலேயே தரத்தின் எண் பொறிக்கப்பட்டிருக்கும். மொழி தெரியாவிட்டாலும் எண்ணைப் படிக்கலாம்.

தேர்ந்தெடுக்கும் முறை

பழைய ஹைபிரிட் கார் வாங்கியவர் முதலில் மூடியையும் கையேட்டையும் பார்த்துத் தயாரிப்பாளர் சொன்ன தரத்தை அறிய வேண்டும். ஒரே காருக்கு வெவ்வேறு தலைமுறைகளில் தரம் மாறும். முதல் இரண்டு தலைமுறைப் பிரியசுக்கு 5டபிள்யூ-30 சொல்லப்பட்டது. 2009-இல் வந்த மூன்றாம் தலைமுறைக்கு 0டபிள்யூ-20 சொல்லப்பட்டது. 'பிரியசுக்கு இதுதான்' என்று பொதுவாகச் சொல்வது ஆகாது.

அடுத்து, எஞ்சின் எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது என்று அளக்க வேண்டும். சமதரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் அணைந்து சில நிமிடம் கழித்து அளவுகோலை எடுத்துப் பார்த்து, கிலோமீட்டரோடு குறித்து வைக்க வேண்டும். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை இப்படிக் குறித்தால், இரண்டு மூன்று மாதத்தில் உண்மை தெரிந்துவிடும். அளவு குறையவில்லை என்றால், ஒன்றரை இலட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் சொல்லப்பட்ட தரத்தை மாற்றக் காரணமில்லை. ஓட்டக் கணக்கு எஞ்சினின் வயதைச் சரியாகச் சொல்லாது. ஹைபிரிட்டில் அந்தத் தொலைவின் ஒரு பகுதி மோட்டாரால் ஓடியது. பழைய கார்ச் சந்தையில் கணக்கே திருத்தப்பட்டிருக்கவும் கூடும்.

அளவு குறைகிறது என்றால், முதலில் வெளிக்கசிவைத் தேட வேண்டும். பிஸ்டனின் எண்ணெய் வளையங்களில் கரி படிந்து இறுகிப்போவதும் ஒரு காரணம். நீண்ட நாள் எண்ணெய் மாற்றாமல் ஓட்டிய காரில் இது நேரும். கெட்டி எண்ணெய் அந்தக் கரியைக் கரைக்காது, குறையை மறைக்க மட்டுமே செய்யும். இந்நிலையில் ஒரே ஒரு தரம் கூட்டி, 0டபிள்யூ-20 இடத்தில் 5டபிள்யூ-30 ஊற்றிப் பார்க்கலாம். சில நாடுகளுக்கான கையேடுகளே இதற்கு இடம் தருகின்றன. எரிபொருள் சிக்கனத்தில் ஒன்றிரண்டு விழுக்காடு குறையலாம். நேராக 20டபிள்யூ-50-க்குத் தாவுவது தவறு. 2000-இல் தொடங்கி, மிகுதியாக ஓடிய வண்டிக்கென்றே சீல்களை மென்மையாக வைக்கும் சேர்மானங்களோடு எண்ணெய்கள் விற்கப்படுகின்றன. சிறு கசிவுள்ள எஞ்சினுக்கு அவை உதவலாம், ஆனால் அவற்றிலும் சரியான எண்ணையே தேர வேண்டும்.

கடைசியாக, மாற்றும் காலம். ஜப்பானில் டொயோட்டாவின் பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 15,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்றும், கடினப் பயன்பாட்டில் 7,500 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம் என்றும் வகுத்திருக்கிறார்கள். 8 கிலோமீட்டருக்குள் முடியும் சிறு ஓட்டங்கள் மிகுந்தால் அதுவே கடினப் பயன்பாடு. வீடு, பள்ளிக்கூடம், கடை என்று ஊருக்குள் ஓடும் நம் கார்கள் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிடும். முந்தைய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்று தெரியாத காருக்கு, வாங்கியவுடன் எண்ணெயும் வடிகட்டியும் மாற்றி, அடுத்த இரண்டு முறை 5,000 கிலோமீட்டரிலேயே மாற்றுவது நல்லது. கெட்டி எண்ணெயை நீண்ட நாள் வைத்திருப்பதைவிடச் சரியான எண்ணெயைக் காலத்தில் மாற்றுவதே பழைய எஞ்சினை அதிக நாள் காக்கும்.

தமிழ்நாட்டுக்கு இது ஏன் தேவை?

இந்தியாவில் ஹோண்டா சிவிக் ஹைபிரிட் 2008-இலும், பிரியஸ் 2010-இலும் வந்தபோது விலை மிகுதியால் சிலரே வாங்கினர். 2022-இல் மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர், இன்னோவா ஹைகிராஸ் ஆகியவை வந்தபின் ஹைபிரிட் கார்கள் நம் மாவட்டச் சாலைகளிலும் தென்படுகின்றன. இன்னும் சில ஆண்டுகளில் இவை கைமாறி, இலட்சம் கிலோமீட்டர் கடந்து, சிற்றூர்ப் பட்டறைகளுக்கும் வந்து சேரும். அப்போது பட்டறையில் உள்ள தம்பி, அம்பாசடர் காலத்துப் பழக்கத்தில் கெட்டி ஆயிலை எடுத்தால், வண்டிக்காரர் மூடியில் உள்ள எண்ணை ஒருமுறை காட்டினால் போதும். அச்சின் இடைவெளி பார்த்து மை குழைத்த நம் முன்னோர் செய்ததும் அதைத்தான்.